பில் புக்கின் பின்பக்கத்தில் ஒரு பர்சன்டைல்

2024 பிப்ரவரியில் மகளின் ஜேஇஇ மெயின் ரிசல்ட் வந்தது. என்ஐடி மாதிரி காலேஜ்களில் இன்ஜினியரிங் சேர அகில இந்திய அளவில் நடக்கும் நுழைவுத்தேர்வு அது. நான் கடையில் இருந்தேன். போனில், "91.6 அப்பா" என்றாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டேன். ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுதான் அவள் வாங்கியது 300க்கு 118 என்று தெரிந்தது. டீக்காசு போனதுகூடப் பரவாயில்லை, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நான் 1998இல் தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வு எழுதியவன். அப்போது கணக்கு சுலபம். பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300க்குக் கட் ஆஃப். அரை மார்க் குறைந்தால் எந்தக் காலேஜ் கைநழுவும் என்பது வரைக்கும் விரல்விட்டுச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் இவள் ரிசல்ட் தாளையும் பில் புக்கின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். இயற்பியல் 93.2, வேதியியல் 95.1, கணிதம் 83.7. கூட்டி மூன்றால் வகுத்தால் 90.67தான் வருகிறது. "பாப்பா, கம்ப்யூட்டர் தப்பாப் போட்டிருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி. "இது மார்க் இல்லப்பா, பர்சன்டைல். அதாவது வரிசையில என் இடம். ரேஷன் கடையில நூறு பேர் நின்னா, என் மார்க்கும் அதுக்குக் கீழயும் வாங்கினவங்க தொண்ணூத்தொண்ணு சொச்சம் பேர். பாடத்துக்குப் பாடம் வரிசை வேற, மொத்த மார்க்குக்கு வரிசை வேற. மூணு வரிசையில நின்ன இடத்தைக் கூட்டி சராசரி எடுக்க முடியுமா?"

முடியாதுதான்.

அவளுடைய தோழி 125 மார்க் வாங்கியும் 90.9தான் வந்திருந்தது. இது எனக்கு அநியாயமாகப் பட்டது. காரணம் ஷிப்ட். பல நாள், நாளுக்கு இரண்டு வேளை என்று தேர்வு நடக்கிறது. ஒவ்வொரு வேளைக்கும் வேறு வினாத்தாள். ஒன்று கடினமாக இருக்கும், இன்னொன்று லேசாக இருக்கும். அதனால் மார்க்கை நேருக்கு நேர் ஒப்பிடாமல், அவரவர் வேளையில் எழுதியவர்களுக்குள்ளேயே வரிசை கட்டுகிறார்கள். லேசான தாளில் எல்லோரும் நன்றாக எழுதியிருப்பார்கள், ஆகவே 125க்கும் மவுசு குறைவு. ஒவ்வொரு வேளையிலும் முதலில் வந்தவருக்கு 100 பர்சன்டைல். அவர் 300க்கு 300 வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. ஒரே இடத்தில் ஆயிரம் பேர் முட்டிக்கொள்ளக் கூடாது என்று தசமத்துக்குப் பிறகு ஏழு இலக்கம் வரை போடுகிறார்கள். எங்கள் கடைத் தராசே அவ்வளவு துல்லியம் காட்டாது.

அப்புறம் ரேங்க். எழுதியவர்கள் 14 லட்சம் என்று வைத்துக்கொண்டால், இவளுக்கு முன்னால் நிற்பவர்கள் நூற்றுக்கு 8.4 பேர். அதாவது 1,17,600 பேர்! டீ வாங்கிக் கொடுத்ததை நினைத்து அப்போதுதான் வெட்கமாக இருந்தது. ஏப்ரலில் இன்னொரு முறை எழுதலாம், இரண்டில் எது நல்லதோ அதுதான் ரேங்குக்கு என்று அவளே ஆறுதல் சொன்னாள். தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக ஒன்றைக் குறிக்காதே என்று நான் சொன்னது மட்டும் சரியான புத்திமதியாம். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு இந்தத் தலைவலி இல்லை. கணிதம் அப்படியே நூறு, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட்டில் 96, 91, 94 வந்ததும் நானே மனதுக்குள் போட்டுவிட்டேன்: 96, 45.5, 47, ஆக 188.5. ஒரே கட் ஆஃபில் பலர் வந்தால் முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக இருந்தால் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் ரேண்டம் எண், அதில் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. அதை எந்தத் தகப்பனாலும் கணக்குப் போட முடியாது.

போன வாரம் பைப் வாங்க வந்த கொத்தனார், "பொண்ணு தொண்ணூத்தொண்ணு மார்க்காமே?" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே" என்று பில் புக்கைத் திருப்பினேன்.