சான்றிதழில் என்ன பெயர் வரும்?

அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து, "அத்தை, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி எடுத்தா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டாள். பின்னால் அண்ணன், "இன்ஜினியரிங் கிடைக்காதவங்க படிக்கிறதும்மா அது" என்று சொல்வது எனக்கும் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், இந்த மாதம் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் பட்டத்தின் பெயர். என்னோடு பி.எட். படித்த தோழி ஒருத்தி, இளங்கலையில் இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு எம்.எஸ்சி.யில் கெமிஸ்ட்ரி எடுத்தவள். முதுகலை ஆசிரியர் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட, புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இல்லை, இரண்டும் இணையானவை என்று சொல்லும் அரசாணை (ஈக்விவலன்ஸ் ஜி.ஓ.) இருந்தால் கொண்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படித்த பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், பெயரில் ஒரு சொல் கூட இருந்ததால் ஒரு வருட உழைப்பு போச்சு. பதினேழு வயதில் விண்ணப்பம் போடுகிற பிள்ளைக்கு இதை யார் சொல்கிறார்கள்? புதுசாக, கவர்ச்சியாக ஒரு பெயரைப் பார்த்தால், அது எந்தப் பாடத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று கல்லூரியிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது லேப். ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ப்யூரெட்டில் (அளவுக் கோடு போட்ட, அடியில் குழாய் வைத்த நீளக் கண்ணாடிக் குழல்) ஊற்றினால் நிறம் அவ்வளவு அடர்த்தி, திரவத்தின் கீழ் வளைவு கண்ணுக்கே தெரியாது, அதனால் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடும்போது முதல் சொட்டின் நிறம் போக நேரமாகும், அப்புறம் வேகமாக மறையும், கடைசியில் ஒரே ஒரு சொட்டில் வெளிர் ரோஸ் நின்றுவிடும். அந்தச் சொட்டில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். புத்தகத்தில் படித்து இது வராது, அதனால் ஒரு ப்யூரெட்டுக்கு எத்தனை பேர் என்றும் கல்லூரியில் கேளுங்கள்.

பி.எஸ்சி. முடித்ததும் ஆலத்தூரில் ஒரு மருந்து கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் சேர்ந்தேன். சம்பளம் குறைவு, நின்றுகொண்டே வேலை. ஆனால் இன்டர்வியூவில் அவர்கள் என்னைக் கேட்டது டைட்ரேஷனும் (இப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) நார்மாலிட்டியும்தான் (கரைசலின் செறிவுக் கணக்கு), மார்க் ஷீட்டை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. மெஷினை அங்கே போய்த்தான் கற்றேன். ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் தொடக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இப்போது பள்ளியில் என் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டிலும் அதையே பழக்குகிறேன்.

மருந்து ஆய்வாளர் ஆகலாம் என்று நினைத்து கெமிஸ்ட்ரி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு பொதுவாக பார்மசி பட்டம் கேட்பார்கள், இந்தப் பட்டம் போதாது.

ஆராய்ச்சிப் பக்கம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, அதில் இன்னும் வருத்தம் உண்டு. நான் காரைக்குடி வழியாகப் பஸ்ஸில் போய்ப் படித்தவள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் ஆய்வகம், அங்கேதான் இருக்கிறது. பேட்டரி, உலோக அரிமானம், மின்முலாம் என்று முழுக்க முழுக்க மின்வேதியியல். அந்தப் பெயர்ப்பலகையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், உள்ளே என் படிப்புக்கு வேலை இருக்கிறது என்று தெரியாது. பி.எஸ்சி. கடைசி வருடத்திலேயே ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதலாம், அதில் நல்ல இடம் வந்தால் சென்னை ஐ.ஐ.டி.யிலோ திருச்சி என்.ஐ.டி.யிலோ எம்.எஸ்சி. படிக்கலாம், வயது வரம்பும் கிடையாது. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. சேர்ந்த முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. "படிச்சது போதும், சம்பாதி" என்று சொல்லும் வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டி இந்த ஆய்வகங்களில் மாணவர்களையும் பொதுமக்களையும் உள்ளே விடுவார்கள், கட்டாயம் கூட்டிப்போங்கள்.

ஆசிரியர் வேலை பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்தாலும் அரசுப் பள்ளி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு உண்டு, காத்திருக்கப் பொறுமை வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

திங்கட்கிழமை அவளே கல்லூரிக்கு நேரில் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் மெசேஜ்: "அத்தை, ஒரு ப்யூரெட்டுக்கு ரெண்டு பேராம். துணைப் பாடம் (அலைடு) மேத்ஸும் பிசிக்ஸும். சர்டிஃபிகேட்ல வெறும் கெமிஸ்ட்ரின்னுதான் போடுவாங்களாம், சீனியர் அக்கா ஒருத்தரோடதை வாங்கிப் பார்த்துட்டேன்."

விண்ணப்பம் இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் பேச ஊருக்குப் போகிறேன்.