கேப்டனுக்காக ஒரு கணக்கு நோட்டு

ஜனவரி 17, 2025, வெள்ளி, இரவு 11.40

கேப்டனுக்கு உடம்பு சரியில்லை. மெரினாவில் நடக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த செம்மண் நிறக் குதிரை. பெயர்க் காரணம் இந்த ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நாலு வருடமாக ஞாயிறுதோறும் என் மகள் கையால் கேரட் தின்கிறது.

நேற்று காணும் பொங்கல். குதிரைக்கார பாய்க்கு வருடத்திலேயே பெரிய வசூல் நாள். கூட்டத்தில் ஆளாளுக்குக் கரும்பையும் சுண்டலையும் நீட்டியிருக்கிறார்கள், புத்தி வேண்டாமா! இன்று மதியத்திலிருந்து முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது. லத்தி போடவில்லை. போனில் கேட்ட டாக்டர் 'காலிக்' என்றார், குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழேதான் இறங்கியாக வேண்டும்.

இரண்டு டிரைவர்கள் வண்டி நாறும் என்று மறுத்த பிறகு, மூன்றாவதாக ஒரு குட்டி யானை கிடைத்தது. குட்டி யானையில் குதிரை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாயிற்று.

ஜனவரி 18, சனி

நாடித்துடிப்பு 68. சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டுமாம். டாக்டர் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி, நிறம் திரும்ப எத்தனை விநாடி என்று எண்ணினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, உள்ளே சிக்கியது வழுக்கி இறங்க லிக்விட் பாரஃபின் எண்ணெய் ஊற்றினார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஒன்று ஏறினாலே நாம் படுத்துவிடுவோம். இதற்கு ஒரே நாளில் ஒரு லிட்டர் பாட்டில் 24.

பாயின் பொங்கல் வசூல் 7,200 விடிவதற்குள் தீர்ந்தது. வீட்டுக்காரம்மாவின் கம்மலை வைக்கப் போகிறேன் என்றார். நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்போமே என்றேன். "பிச்சை மாதிரி ஆயிடும் மேடம்." வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கடன்னு எழுதுங்க" என்றார்.

எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பிலும் காலை நடைக்காரர்கள் குரூப்பிலும் போட்டேன். "மனுஷனுக்கே வழியில்லை, குதிரைக்கா?" என்று ஒருவர். கேப்டன் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று எழுதினேன். பதில் இல்லை, 200 ரூபாய் வந்தது.

இரவு வரை 11,250.

ஜனவரி 19, ஞாயிறு

குதிரையின் பெருங்குடலில் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே பாதை சட்டென்று குறுகும். அடைப்பு அங்கேதான். நாளைக் காலைக்குள் இறங்காவிட்டால் வயிற்றைத் திறப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

என் மைத்துனர் போன் செய்தார். 'அவசர ஆபரேஷன்' என்று போடுங்கள், பணம் கொட்டும் என்றார். கொட்டும்தான். ஆபரேஷன் நடக்காமல் போனால் அந்தப் பணத்தை என்ன செய்வது? பில் வந்ததற்கு மட்டும் கேட்கிறேன், பில்லைப் போட்டோ எடுத்துப் போடுகிறேன். மைத்துனருக்குக் கோபம்.

மொத்தம் 26,900. அதில் ஒரு 11 ரூபாயும் உண்டு. "காலேஜ் ஸ்டூடன்ட், இவ்வளவுதான் இருக்கு" என்று கூடவே ஒரு வரி.

ஜனவரி 20, திங்கள், காலை 4.10

லத்தி போட்டுவிட்டது!

பாய் அழுதார். நானும்தான். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கா என்பது போல் போனார்.

காலை 9 மணி: கொஞ்சம் லத்தியைக் கையுறையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் தொங்கவிட்டார் டாக்டர். ஐந்து விரலிலும் மணல் இறங்கியது. வருடக்கணக்காகக் கடற்கரையில் புல்லைத் தரையில் போட்டே தின்ற மணல். கரும்பு கடைசித் தள்ளு தள்ளியிருக்கலாம், அவ்வளவுதான். கூட்டத்தைத் திட்டி வெள்ளிக்கிழமை எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஜனவரி 22, புதன்

கேப்டன் வீடு திரும்பியாயிற்று. இனி யாரும் அனுப்ப வேண்டாம். வரவு 38,760. வண்டி போக வர 5,000. மருந்து, பாட்டில்கள் 21,400. பரிசோதனைகள் 2,850. பசும்புல், இசப்கோல், மற்றவை 3,150. ஆக 32,400. கையில் 6,360. இதில் தீனி போட ரப்பர் தொட்டி வாங்கலாமா என்று குரூப்பில் கேட்டிருக்கிறேன். மணலை வெளியேற்ற இசப்கோல் இன்னும் கொஞ்ச நாள் கொடுக்க வேண்டும். நாம் ராத்திரி வெந்நீரில் கலந்து குடிப்போமே, அதேதான்.

ஜனவரி 26, ஞாயிறு

பதினைந்து நாளுக்குச் சவாரி கிடையாது. புல்லும் மருந்தும் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். என் மகள் கேரட்டைக் காட்டிவிட்டு, கேப்டன் கண்ணெதிரிலேயே தானே தின்றாள். அது அவள் தோளை மோந்து மோந்து பார்த்தது.

கிளம்பும்போது பாய் 500 ரூபாய் நீட்டினார். முதல் தவணையாம். வாங்க மாட்டேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?