ஊசி போட்ட மூன்றாம் நாள் போயா

மகளுக்குக் காசநோய் மருந்தை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. ஐந்தரை வயது. நேற்றுப் பின்னேரம் வளவுக்குள் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியவள் இருமாமல் திரும்பி வந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத மனம் வந்தது. மருந்து குடித்தது ஆறு மாதம், அது பெரிய பாடில்லை. அந்த மருந்து கைக்கு வரும் வரை அலைந்த ஏழு கிழமையை நினைத்தால்தான் இப்பவும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொடக்கம் வழமையான கதை. இருமல், பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவது. தனியார் டொக்டரிடம் இரண்டு தரம் பாணி மருந்து. காலபோக விதைப்பு நேரம், விடாத மழை, ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தடிமன். நானும் அப்படியே நினைத்தேன். குடும்பநல மிஸ்தான் நிறைக் கார்ட்டை விரித்து, "இஞ்ச பாருங்கோ, நாலு மாதமாக் கோடு படுத்துக் கிடக்குது" என்றார். 13.8 கிலோவில் நின்றிருந்தது. "வீட்டில ஆரும் இருமுறவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மாமா, என் கணவரின் அப்பா, மூன்று மாதமாக இருமிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சுருட்டுக் குடிக்கிறவர் இருமாமல் என்ன செய்வார் என்று அது எங்கள் வீட்டில் இருமல் கணக்கிலேயே சேரவில்லை. மகள் படுப்பது அப்பப்பாவின் பாயில்.

மார்புநோய் கிளினிக்குக்கு எங்கள் இடத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் காலைப் பஸ்ஸை விட்டால் அன்றைய நாளே போச்சு. முதல் நாள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், முன்கையில் மண்டூ ஊசி, அதாவது காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். வெள்ளிக்குப் பிறகு ஞாயிறு, திங்கள். ஞாயிறு பூட்டு, திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. இதை மேசையில் இருந்தவரிடம் நானே கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், "அப்ப செவ்வாய் வாங்கோ, ஒரு நாள்தானே" என்றார். ஊசி போடுவதற்கு முன்னமே யோசித்திருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

செவ்வாய் போனால் டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு நாள் ஆச்சே, இனி இதை நம்பி ஒண்டும் சொல்லேலாது" என்றார். மற்றக் கையில் திரும்ப ஊசி. என் கணவருக்கு இரண்டு நாள் கூலி போனது, பிள்ளைக்கு இரண்டாம் குத்து. மேசைக்காரர் அன்றைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. தயவுசெய்து கலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஊசிக்குத் திங்கள் செவ்வாய்தான் நல்லது, அந்தக் கிழமையில் போயா இருந்தால் அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அளப்பது தடிப்பை மட்டும்தான். சுற்றியுள்ள சிவப்பைப் பார்த்து நான் வீட்டிலிருந்தே பயந்தது வீண். இரண்டாம் தரம் 17 மில்லிமீற்றர். 10 வந்தாலே போதுமாம்.

பிறகு வார்ட்டில் மூன்று நாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியப்புறம் வெறும் வயிற்றில், மூக்கால் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுப்பார்கள். முதல் நாள் பக்கத்துக் கட்டில் ஆச்சி பாசத்தில் ஒரு மாரி பிஸ்கற்றைக் கொடுத்துவிட்டார், அன்றைய நாள் வீண். அடுத்த நாள் அவளின் இரண்டு கையையும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா விடுங்கோ" என்று அவள் கெஞ்சினதை எழுதாமல் விடுகிறேன்.

முடிவு வந்தது. கிருமி இல்லை. மாமி உடனே வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். டொக்டர்தான் எங்களை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். பெரியவர்களைப் போலில்லாமல் பிள்ளைகளின் உடம்பில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், சோதனையில் பிடிபடாமல் போவது சாதாரணம். படத்தில் நுரையீரல் வேரடியில் நெறி கட்டியிருக்கிறது, ஊசி தடித்திருக்கிறது, நிறை ஏறவில்லை, வீட்டில் இருமுகிற ஆள். இத்தனையும் சேர்ந்தால் அது காசநோய்தான். அடுத்த கிழமை மாமாவின் சளியில் கிருமி நன்றாகவே இருந்தது.

"பிறந்தவுடனே பீசீஜீ போட்டதுதானே?" என்று இவர் மகளின் தோளிலுள்ள காசநோய்த் தடுப்பூசித் தழும்பைக் காட்டினார். அந்த ஊசி மூளைக்காய்ச்சல் மாதிரியான கடும் வகைகளைத்தான் நன்றாகத் தடுக்குமாம், நெஞ்சுக்கு வருவதை எல்லா நேரமும் தடுக்கும் என்றில்லை. பிறகு டொக்டர் ஒன்று சொன்னார். மருந்தை ஒழுங்காகக் குடித்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் குணமாகிவிடுவார்கள், இந்த நோயில் சாகிற பிள்ளைகள் பெரும்பாலும் மருந்தே கிடைக்காதவர்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் எண்ணிக்கொண்டிருந்தது அந்த ஏழு கிழமையைத்தான்.

மருந்து முதல் இரண்டு மாதம் நாலு வகை, பிறகு நாலு மாதம் இரண்டு வகை. எல்லாம் இலவசம். குளிசை தண்ணீரில் கரையும், ஸ்ட்ரோபெரி வாசம். இந்தப் பிள்ளைக் குளிசை 2015 கடைசியில்தான் வந்ததாம். அதற்கு முன் பெரியவர்களின் குளிசையை உடைத்துப் பொடியாக்கிக் கொடுத்த தாய்மாரை நினைத்துக்கொண்டேன். சாப்பிட முன் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் மாமி கிணற்றடியிலிருந்து கத்தினார், பிள்ளைக்கு இரத்தமாகப் போகிறதென்று. மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நான்தான் வீட்டில் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் காய்ச்சல் போய்விட்டது. மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள். எழும்பிக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். இரண்டாம் மாதப் படத்தில் நெறி அப்படியே இருந்ததைப் பார்த்து மறுபடி கலங்கினேன். அது வற்ற நாளெடுக்கும், நிறையைப் பாருங்கோ என்றார்கள்.

மூன்றாம் மாதம் 16.1 கிலோ. குளிசையின் எண்ணிக்கை நிறைப்படிதான்: 12 முதல் 15 கிலோ வரை மூன்று, 16 முதல் 24 வரை நாலு. மருந்து கொடுக்கிறவர் பழையபடி மூன்று கணக்கில் கட்டித் தந்தார். கேட்டேன். "கார்ட்டில மூண்டுதான் கிடக்கு" என்றார். திரும்பி டொக்டரிடம் வரிசையில் நின்று, கார்ட்டில் நாலு என்று எழுதுவித்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் எண்ணி வைத்த சத்தம் எனக்கு மேளச் சத்தம் மாதிரி இருந்தது.

முன்பள்ளியில் வேறு ஒரு சண்டை. மகளின் தண்ணீர்ப் போத்தலை வேறு மேசையில் வைத்திருந்தார்கள். இந்த வயதுப் பிள்ளைகளிலிருந்து தொற்றுவது மிகக் குறைவு என்று கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே போத்தல் மற்றப் போத்தல்களோடு சேர்ந்தது.

உண்மையான ஆபத்து நாலாம் மாதம் வந்தது. பிள்ளை கொழுகொழு என்றிருக்கிறாள், இனி எதற்கு மருந்து, ஈரல் பழுதாகிவிடும் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். இவரும் கொஞ்சம் ஆடிப்போனார். கண் மஞ்சளாகினால், விடாமல் சத்தி எடுத்தால் அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடுவோம், அதுவரை நிறுத்த மாட்டேன் என்று நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வயது மகனுக்கு நோய் இல்லை, ஆனாலும் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மாமாவும் மருந்தை முடித்துவிட்டார். சுருட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். மகள் திரும்பவும் அவருடைய பாயில்தான் படுக்கிறாள். அடுத்த படத்துக்கு வரச் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை. கலண்டரைப் பார்த்துவிட்டேன், போயா இல்லை.