வாலை மாற்றினால் எம்பி4 ஆகிவிடுமா?

மலிவான கேம்கார்டர். முக்கால் மணி நேர நிகழ்ச்சி ஒன்றை நிறுத்தாமல் பிடித்தேன். பிடிக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கார்டைக் கணினியில் செருகியபோதுதான் வினை தொடங்கியது.

ஒரே ரெக்கார்டிங், ஆனால் மூன்று ஏவிஐ கோப்புகள். முதல் இரண்டும் கிட்டத்தட்ட 4 ஜிபி, கடைசியது சின்னது. கார்டு ஃபாட்32 என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறையில் இருந்தது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட அது விடாது, அதனால் கேமராவே வெட்டிக்கொள்கிறது. வெட்டிய இடத்தில் ஒரு நொடி போயே போய்விட்டது. மேடையில் பேசியவர் வாசித்த பெயர் பாதியில் அறுந்து நிற்கிறது.

சரி, இருப்பதையாவது போனில் பார்க்கலாம் என்றால் ஓடவில்லை. கோப்பின் பெயரில் ஏவிஐ என்ற வாலை எடுத்துவிட்டு எம்பி4 என்று போட்டேன். (சிரிக்காதீர்கள்.) ஓடாமல் இருந்தது அப்படியே ஓடாமல் இருந்தது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏவிஐ, எம்பி4 எல்லாம் வெறும் டப்பா. உள்ளே என்ன கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி எழுதும் முறை எது என்பதுதான் கேள்வி. என்னுடையதில் மோஷன் ஜேபெக். நொடிக்கு 30 படம், ஒவ்வொன்றும் முழு போட்டோ. முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதிவைக்கும் எச்.264 என்ற இன்னொரு கோடெக்கின் சாமர்த்தியம் இதற்குக் கிடையாது. கோப்பு ஏன் வீங்கியது என்பதற்கும் பதில் அதுவே.

அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264-ஆக மாற்றினேன். அதில் தர எண் ஒன்று வரும். எண் ஏற ஏறத் தரமும் ஏறும் என்று நம்பி 35 வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக. கணக்கு அங்கே தலைகீழ்: எண் குறைந்தால்தான் தரம். நல்லவேளை, மூலக் கோப்புகளை அழிக்கவில்லை. மறுபடி 20 வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு 4 ஜிபியும் 1 ஜிபிக்குள் அடங்கியது, போனிலும் ஓடியது!

உங்கள் கேமரா ஏவிசிஎச்டி (கேம்கார்டர்களில் வரும் இன்னொரு பதிவு முறை) ரகம் என்றால் அதிலுள்ள எம்டிஎஸ் வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள், ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள்.

இப்போதெல்லாம் எங்கே வெட்டுவது என்பதை நான் கேமராவிடம் விடுவதில்லை. 15 நிமிடம் ஆனதும் அடுத்த கைதட்டலுக்குக் காத்திருந்து, நானே நிறுத்திவிட்டு மறுபடி அமுக்குகிறேன்.