21ஆம் எண்: ஒரு நாட்குறிப்பு

2022 ஆகஸ்ட் 10, புதன்

பொரியே சால்மிங்குக்கு ஏ.எல்.எஸ். நோய் வந்திருப்பதாக இன்று அறிவித்துவிட்டார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும் நோய்; குணப்படுத்தும் மருந்து இதுவரை கிடையாது. அவருக்கு வயது 71. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணியில் 21ஆம் எண் சட்டையோடு, தற்காப்பு ஆட்டக்காரராக 16 பருவங்கள் ஆடியவர். அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச ஆளில்லை. அங்கிருக்கும் இளைஞர்களுக்கு அவர் அரங்கத்துக்கு வெளியே நிற்கும் வெண்கலச் சிலைகளில் ஒருவர், அவ்வளவுதான். அவருடைய ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசை எனக்கு உண்டு. இனியும் தள்ளிப்போட மனமில்லை.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஊரிலிருந்து தொடங்குகிறேன். ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே கிருணா என்ற இரும்புச் சுரங்க ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் 1951 ஏப்ரல் 17 அன்று பிறந்தார். தந்தை சாமி என்னும் வடபுலப் பழங்குடியைச் சேர்ந்தவர். சுரங்க விபத்தில் அவர் இறந்தபோது பையனுக்கு ஐந்து வயது. அண்ணனும் ஹாக்கி வீரர். பின்னர் சால்மிங் யெவ்லே நகரத்தின் பிரினாஸ் அணியில் சேர்ந்து, 1971, 1972 இரண்டு ஆண்டும் நாட்டின் சாம்பியன் அணியில் ஆடினார்.

டொராண்டோவுக்காக ஆள் தேடிய ஜெர்ரி மெக்நமாரா ஒரு கோல்கீப்பரைப் பார்க்கத்தான் ஸ்வீடன் போனார். கண்ணில் பட்டவர்கள் வேறு இருவர்: சால்மிங், அவருடன் ஆடிய முன்வரிசை வீரர் ஹம்மர்ஸ்ட்ரோம். 1973இல் இருவரும் டொராண்டோ வந்து சேர்ந்தார்கள்.

அக்டோபர் 10, திங்கள்

1973இல் இதே தேதியில்தான், வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.இல் சால்மிங்கின் முதல் ஆட்டம். எதிரணி பஃபலோ. அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆட்டம் பிலடெல்ஃபியாவில். அடிதடியையே ஆட்டமாக வைத்திருந்த அணி அது. மட்டையால் குத்தினார்கள், சுவரோடு சேர்த்து நசுக்கினார்கள். டேவ் ஷுல்ட்ஸ் கைகலப்புக்கு இழுத்தார். ஐரோப்பியர்கள் கோழைகள், நான்கு அடி விழுந்தால் ஊரைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்பது அன்றைய லீகில் பலரும் நம்பிய கதை. லீஃப்ஸ் அணியின் உரிமையாளர் ஹெரால்ட் பாலர்டுகூடத் தன் சொந்த வீரரான ஹம்மர்ஸ்ட்ரோமைப் பற்றி, பையில் ஆறு முட்டைகளோடு ஆடுகளத்தின் மூலைக்குப் போனாலும் ஒன்றுகூட உடையாமல் திரும்பி வருவார் என்று ஏளனம் செய்தார். சம்பளம் கொடுப்பவர் வாயிலிருந்து வந்த சொல். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சால்மிங் ஓடவில்லை. 1989 வரை இங்கேயே இருந்தார்.

அக்டோபர் 22, சனி

மகனுக்கு இன்று பயிற்சி. அவனும் பின்வரிசையில்தான் ஆடுகிறான். கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கையில் அந்த இடம் எவ்வளவு கடினமானது என்று புரிகிறது. எதிரி முழு வேகத்தில் முன்னோக்கி வருகிறான். இவன் அதே வேகத்தில் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். கண் பக்கில், அதாவது மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டில், இருந்தால் ஏமாந்துவிடுவான். எதிரியின் மார்பைப் பார்க்க வேண்டும். இடைவெளியைக் கூட்டாமல் குறைக்காமல் அவனை நடுவிலிருந்து சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் பார்வையாளருக்கு எதுவுமே நடக்காதது போலத் தெரியும்.

சால்மிங் இதற்கு மேலும் ஒன்று செய்தார். கோலை நோக்கி வரும் அடியைப் பனிமேல் விழுந்து சறுக்கி உடம்பால் தடுப்பார். எழும்போது பக் அவர் மட்டையில் இருக்கும். அடுத்த நொடியில் நீண்ட பாஸ், அல்லது அவரே எடுத்துக்கொண்டு எதிரணியின் பகுதிக்குள் போய்விடுவார். தடுப்பும் தாக்குதலும் அவரிடம் ஒரே அசைவாக இருந்தன. 1976-77 பருவத்தில் 12 கோல்கள் அடித்து, 66 கோல்களுக்குப் பாஸ் கொடுத்தார். அவருக்குத் துணையாக ஆடிய இயான் டர்ன்புல் அதே பருவத்தில், 1977 பிப்ரவரி 2 அன்று ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுதான் இன்றும் சாதனை.

சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை அந்த ஆண்டு மான்ட்ரியாலின் லாரி ராபின்சனுக்குப் போனது. 1980இலும் அவருக்கே. இரண்டு முறையும் சால்மிங் இரண்டாமிடம். ராபின்சன் மாபெரும் வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சுற்றி கோப்பைகளை அள்ளிய அணி ஒன்று இருந்தது. சால்மிங்கைச் சுற்றி இருந்தது 1967க்குப் பிறகு லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையே காணாத லீஃப்ஸ்.

நவம்பர் 11, வெள்ளி

இன்று பிட்ஸ்பர்க்குடன் ஆட்டம். தொடங்கும் முன்பு சால்மிங்கை அழைத்து வந்தார்கள். ஒரு பக்கம் டாரில் சிட்லர், மறுபக்கம் மாட்ஸ் சண்டின்; இருவரும் லீஃப்ஸின் முன்னாள் தலைவர்கள். பேச்சு போய்விட்டது. கையை உயர்த்தவும் இயலவில்லை; சிட்லர்தான் அதைப் பிடித்து உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார். சிட்லர் அழுவது தொலைக்காட்சியில் நன்றாகத் தெரிந்தது. நானும் அழுதேன்.

1976 கனடா கோப்பையில் சால்மிங் ஸ்வீடனுக்காக ஆட வந்தபோது, பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எதிரணியின் உடையில் வந்தவருக்கு! இன்று நின்றவர்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

லீஃப்ஸ் தோற்றது.

நவம்பர் 12, சனி

வான்கூவருக்கு எதிராக இன்று லீஃப்ஸ் முதலில் களமிறக்கிய ஆறு பேரும் ஸ்வீடன்காரர்கள். நைலாண்டர் இருந்தார், பின்வரிசையில் சாண்டினும் லில்யெகிரெனும். பயிற்சியாளர் ஷெல்டன் கீஃப் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான். திங்கட்கிழமை ஹாக்கி புகழ்மண்டபத்தில் நுழைகிறவர்களிலும் மூவர் ஸ்வீடன் நாட்டவர்: சேடீன் இரட்டையர், ஆல்ஃபிரட்சன். 1996இல் அந்தக் கதவைத் திறந்து முதலில் உள்ளே போன ஸ்வீடன்காரர் சால்மிங்.

3-2, வெற்றி.

நவம்பர் 24, வியாழன்

காலமாகிவிட்டார்.

மாலையிலிருந்து அந்தப் புகைப்படத்தையே காட்டுகிறார்கள். 1986 நவம்பரில் டிட்ராயிட்டுடன் ஆடும்போது கோலருகே கீழே விழுந்தவரின் முகத்தில் ஒரு ஸ்கேட் தவறுதலாக ஏறிவிட்டது. 200க்கு மேல் தையல். அதைத் தாங்கித் திரும்பி வந்தவர் என்பதில் எனக்கும் பெருமைதான். இருந்தாலும் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பைத் தழும்புகளால் மட்டுமே நினைவுகூர்வது எனக்குச் சம்மதமில்லை. அடி வாங்கிய வீரர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். லீஃப்ஸ் சட்டையில் 620 கோல்களுக்குப் பாஸ் கொடுத்தவர் இவர் ஒருவரே. முன்வரிசை வீரர்கள் உட்பட, அணியின் நூறாண்டு வரலாற்றில் அந்த எண்ணை எவரும் எட்டவில்லை. கடைசிப் பருவத்தை டிட்ராயிட்டில் ஆடிவிட்டு ஸ்டாக்ஹோம் திரும்பினார். 1992 ஒலிம்பிக்கில், 40 வயதில், ஸ்வீடனுக்காகக் களமிறங்கினார். முரட்டுத்தனத்தால் மட்டும் அந்த வயது வரை ஆட முடியுமா?

அவருக்குக் கிடைக்காத நோரிஸ் கோப்பையை லிட்ஸ்ட்ரோம் ஏழு முறை வென்றார். கார்ல்சனும் ஹெட்மனும் வென்றார்கள். மூவரும் ஸ்வீடனின் தற்காப்பு ஆட்டக்காரர்கள்.

பழைய ஆட்டப் பதிவுகள் கிடைத்தால் தையல் போட்ட முகத்தைத் தேடாதீர்கள். 1976-77 பருவத்தைப் பாருங்கள். அவர் பனியிலிருந்து எழும்போது தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, பக் எங்கே போகிறது என்று பாருங்கள்.