குண்டு, பாசி, ஒரு மூட்டை புண்ணாக்கு

கோத்தகிரிக்கு வீடு மாறி வந்து மூணு வருஷம் ஆச்சு. வீட்டுக்கு முன்னாடி ரெண்டு சென்ட் அளவுக்கு கிக்கூயுன்னு தரையில படர்ற புல்லு இருக்குன்னு சொல்லித்தான் வாடகைக்கு விட்டாங்க, ஆனா அதுல பாதி புல்லே கிடையாது, பாசிதான், குளத்துப் பாசி இல்ல, தரையில மெத்தை மாதிரி படியுற மாஸ். அக்டோபர்ல மழை புடிச்சா டிசம்பர் வரைக்கும் தரை காயவே காயாது, மேல்பக்கம் ரெண்டு சில்வர் ஓக்கும் ஒரு சைப்ரஸும் நிக்குது, வெயில் பத்து மணிக்கு மேல எட்டிப் பாக்கும், ரெண்டு மணிக்கெல்லாம் மிஸ்ட் வந்து மூடிடும். பாசிக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க.

இதுல நம்ம குண்டு வேற. நாட்டு நாய்தான், எட்டு மாசக் குட்டியா தெருவுல கிடைச்சான், இப்ப பேருக்கேத்த சைஸ். நாள் முழுக்க அந்தப் புல்லுலதான் உருளுவான், புல்லைக் கடிப்பான், உள்ள வந்து சோபாவுல உக்காந்து நாலு காலையும் நக்குவான். அந்த நக்கலப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சது, நான் தரையில எதைப் போட்டாலும் அது ராத்திரிக்குள்ள இவன் வயித்துக்குப் போயிடும்.

அதனால களைக்கொல்லி வேண்டாம்னு முதல்லயே முடிவு. கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லியை பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுங்கதான் அடிக்கணும்னு 2022 அக்டோபர்லயே மத்திய அரசு சொல்லிடுச்சு, ஆனா இங்க யார்கிட்ட கேட்டாலும் "ஒரு டேங்க் அடிச்சு விட்ருவோமா"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பாராகுவாட்னு இன்னொரு களைக்கொல்லி அதைவிட மோசம், உள்ள போச்சுன்னா நுரையீரலப் புடிக்கும், மாத்து மருந்தே கிடையாது. மனுஷனுக்கே அப்படின்னா இவனுக்கு என்ன.

பாசிக்கு அன்னபேதி போடலாம், ஃபெர்ரஸ் சல்பேட் தான் அது. நெசமாவே வேலை செய்யும், ரெண்டு மூணு நாள்ல பாசி கருகிக் கறுத்துப் போகும், பாக்க திருப்தியா இருக்கும். ஆனா அது இரும்பு உப்பு, நாய் நிறைய நக்குனா வாந்தி பேதியில ஆரம்பிச்சு ஈரல் வரைக்கும் போகும். போட்டா தண்ணி விட்டு நல்லா உள்ள இறங்கி, தரை காயுற வரைக்கும் நாயை விடக்கூடாது. எங்க ஊர் மழைக்காலத்துல தரை எப்ப காயும்? சிமெண்ட் நடைபாதையில சிந்துனா துரு கறை வேற, வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல புடிச்சிக்குவாரு. நான் தொடல.

இப்ப வர்றது என் முட்டாள்தனம். தோட்ட வேலைக்கு வர்ற அண்ணன், "மருந்து வேண்டாம்னா ஆமணக்குப் புண்ணாக்கு போடுங்க தம்பி, புல்லு திம்முனு வரும், பாசி தானா ஒதுங்கும்"னாரு. இயற்கை உரம்தானேன்னு நானும் ஒரு மூட்டை வாங்கி எலும்புத் தூளோட கலந்து தூவிட்டேன். சாயங்காலம் பாத்தா குண்டு மூட்டைக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிறான். எலும்பு வாசனை, விடுவானா. ராத்திரி ஒண்ணுமில்ல, மறுநாள் காலைல வாந்தி, மத்தியானம் ரத்தமா போக ஆரம்பிச்சான். குன்னூருக்குத் தூக்கிட்டு ஓடினேன். புத்தி இருந்து மூட்டையோட லேபிளை போட்டோ எடுத்துட்டுப் போனேன், டாக்டர் அதைப் பாத்ததும்தான் விஷயமே புரிஞ்சது. ஆமணக்கு விதையில ரிசின்னு ஒரு விஷம் இருக்காம், அது எண்ணெய்க்குப் போகாது, சக்கையிலயே தங்கிடும், நல்லா சூடு காட்டுனாத்தான் அடங்கும். இதுக்கும் மாத்து மருந்து இல்ல, டிரிப்ஸ் ஏத்திப் பாத்துக்கிட்டே இருக்கணும். நாலு நாள். பொழைச்சுட்டான். அந்த அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு ரெண்டு நாள் என் மூஞ்சியே பாக்கல, பாவம், அவருக்கும் தெரியாது, வாங்குன எனக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் உரக்கடையில நத்தை மருந்து கேட்டவங்க பக்கத்துல நின்னா நானே வாய விட்டு "நாய் இருக்கா வீட்ல?"ன்னு கேக்குற ஆளா மாறிட்டேன், அதுல மெட்டால்டிஹைடுங்கிற விஷம் இருந்தாலும் தீனி மாதிரியே மணக்கும், தின்னா வலிப்பு வரும். நல்லா முறைச்சிருக்காங்க.

சரி பாசிக்கு என்ன பண்ணேன்? பாசி புல்லைக் கொல்லாது, புல்லு விட்ட இடத்துல வந்து உக்காரும், அவ்ளோதான். அதுக்கு வேரே கிடையாது, அதனால ரேக் போட்டு இழுத்தா பாய் மாதிரி சுருண்டு வருது. ஜனவரியில நாலு நாள் தொடர்ந்து வெயில் அடிச்சப்ப இழுத்தேன், ஆறு சாக்கு வந்துச்சு. அப்புறம் தண்ணி தேங்காம வடியட்டும்னு ஃபோர்க்கால நாலு விரல் ஆழத்துக்கு குத்திக் குத்தி ஓட்டை போட்டு மணல் தள்ளினேன், முதுகு போச்சு, மணல் மலை ஏறி வர்றதுக்குள்ள வெலயும் ஏறிடுது. சைப்ரஸோட கீழ்க் கிளைய ஓனர்கிட்ட கேட்டு வெட்டினோம், ஒரு மணி நேர வெயில் கூடுச்சு. புல்லை ஒட்ட வெட்டுறதை நிறுத்தினேன், ரெண்டு இஞ்ச் விட்டுதான் வெட்டுறது. தேயிலை மண்ணு புளிப்பு மண்ணு, அதனால மண்ண டெஸ்ட் பண்ணிட்டு புளிப்பைக் குறைக்க கொஞ்சம் டோலமைட், அதாவது ஒரு வகை சுண்ணாம்புக்கல் தூள், போட்டேன். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பை மட்டும் தூவிடாதீங்க, ஈரம் பட்டா நாய் காலு வெந்துடும்.

களை எல்லாம் கையாலதான். மழை விட்ட மறுநாள் புடுங்குனா வேரோட வரும். புளியாரையை அவசரப்பட்டு கொத்தாதீங்க, சில வகைக்கு அடியில குட்டிக் கிழங்கு இருக்கும், செதறி பத்து இடத்துல முளைக்கும், மண்ணோட அள்ளி எடுக்கணும். நடைபாதை இடுக்குக்கு கொதிக்கிற தண்ணி, அதுவும் குண்டைக் கட்டிப்போட்டுட்டுதான். கல்லுப்பு வேண்டவே வேண்டாம், மண்ணு கெட்டுடும், நக்குனாலும் ஆகாது. வல்லாரை மட்டும் ஒரு ஓரமா விட்டுருக்கேன். அம்மா ஊருலருந்து வந்தப்ப துவையல் அரைக்க ஆசையா பறிச்சாங்க, குண்டு தினமும் காலைல எங்க காலைத் தூக்குறான்னு காமிச்சேன், அப்படியே கீழ போட்டுட்டாங்க.

சைப்ரஸ் மூட்டுல ஒரு கட்டில் அளவுக்கு பாசி அப்படியே கிடக்கு, அங்க புல்லு வராதுன்னு விட்டுட்டேன். மத்த இடம் பரவால்ல, முக்காவாசி பச்சை. நேத்து ராத்திரி காட்டுமாடு ரெண்டு வேலியத் தள்ளிட்டு உள்ள வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கு, போன மாசம் குத்தி மணல் போட்ட எடத்துலயே ஒரு சாண் ஆழத்துக்கு குளம்புக் குழி, ஒவ்வொண்ணுலயும் தண்ணி நிக்குது. குண்டு ஜன்னலுக்கு உள்ள நின்னு குலைச்சதோட சரி. நாளைக்கு மறுபடியும் மணலுக்கு சொல்லணும்.