தம்பி பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்த வழி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிப் பக்கம் வெல்ஃபர் ஆபீஸிலிருந்து, அதாவது சமூக நல இலாகாவிலிருந்து, ஆள் வந்திருக்கிறது என்றாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். வந்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள், அப்புறம் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்ற பயம். என் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் இப்போது என்னோடு இருக்கிறார்கள். மருத்துவமனை, போலீஸ், சமூக நல இலாகா, நீதிமன்றம் என்று எல்லாப் படியும் ஏறித்தான் வந்தார்கள். இதே நிலையில் வேறு ஒரு குடும்பம் நின்றால் உதவட்டும் என்று எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரோ பள்ளியோ இதில் இருக்காது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மனைவி பிரிந்து போன பிறகு தம்பிக்குக் குடி அதிகமாகிவிட்டது. ஒன்பது வயதுப் பெண்ணையும் ஆறு வயதுப் பையனையும் வீட்டில் வைத்து வாசல் கிரில்லை (இரும்புக் கம்பிக் கதவை) பூட்டிவிட்டுப் போவான். ஒரு மாலை பசி தாங்காமல் பெரியவள் மேகி மீ போடத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அது சரிந்து சின்னவன் தொடையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மருத்துவர் காயத்துக்கு மருந்து போட்டதோடு நிற்கவில்லை. யார் வீட்டில் இருந்தது, எத்தனை மணிக்கு, பூட்டு எந்தப் பக்கம் என்று விசாரித்தார், நல இலாகாவுக்கும் தகவல் கொடுத்தார். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி அது மருத்துவரின் கடமை. பிள்ளை அடிபடுகிறது, கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று அவருக்குத் தோன்றினால் சொல்லியே ஆக வேண்டும். சிறுவர் வதையைக் கவனிக்கத் தனிக் குழு கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985லேயே தொடங்கியது. இப்போது பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இது பழகிப்போன வேலை. அதே சட்டம் குடும்பத்தாருக்கும் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. இதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். "கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்திட்டியேடி" என்று அழுதார். சொன்னது நான் இல்லை, மருத்துவர். ஆனால் அவர் சொன்னதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

நல இலாகா அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் நேரே போய், "புவான் (அம்மா), இவர்களுடைய அத்தை நான். இரண்டு பேரையும் நான் வைத்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஐ.சி. (அடையாள அட்டை) கேட்டார், எண்ணைக் குறித்துக்கொண்டார். உறவுக்காரர்கள் யாராவது முன்வந்தால் அதை ஆரம்பத்திலேயே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது. எல்லாம் முடிந்து பிள்ளை ஒரு இல்லத்தில் பழகிய பிறகு போய் நின்றால் அங்கிருந்து மறுபடி பெயர்க்க வேண்டியிருக்கும், அது பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

ஆனால் அன்றைக்கே பெரியவளை என் கையில் கொடுக்கவில்லை. அதிகாரி பிள்ளையைத் தற்காலிகமாகப் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் ஒரு மேஜிஸ்திரேட் முன்னாவது நிறுத்த வேண்டும். அதுவரை எங்கே இருப்பது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பெரியவள் முதலில் ஒரு பாதுகாப்பு இல்லத்துக்குத்தான் போனாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்போது அந்த அதிகாரிமேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. நான் எப்படிப்பட்டவள், என் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரியாதே என்பது பிறகுதான் உறைத்தது. அழுகிற அத்தை எல்லாரிடமும் பிள்ளையைக் கொடுத்துவிட முடியாது.

அடுத்தது வீட்டுக்கு வந்து பார்ப்பது. எங்கள் வீடு பி.பி.ஆர். என்கிற அரசாங்கக் குறைந்த வாடகை அடுக்குமாடியில், மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகை. மூன்று அறை, எழுநூறு சதுர அடி. இந்த வீட்டைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று முந்தின இரவு முழுக்க நானும் என் கணவரும் துடைத்துத் துடைத்து வைத்தோம். வந்தவர் தரையைப் பார்க்கவே இல்லை. எந்தப் பிள்ளை எந்த அறையில் படுக்கும், பெண் பிள்ளை உடை மாற்ற இடம் எது, குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். நாங்கள் இருப்பது பதினோராவது மாடி. பிறகு ஒரு தாளை எடுத்து, காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்து வரை கோடு போட்டு, ஒவ்வொரு மணிக்கும் பிள்ளைகளோடு யார் என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கியது. நான் ஒரு கம்பெனியில் கிராணி (எழுத்தர்), ஐந்தரைக்குத்தான் வேலை முடியும். கணவர் இரவு ஜாகா (காவலாளி) வேலை, பகலில் தூங்குவார். பள்ளி முடிந்து பிள்ளைகள் வரும் நேரம் அவர் நல்ல தூக்கத்தில் இருப்பார். "வீட்டில் ஆள் இருக்கிறார், ஆனால் விழித்திருக்கவில்லை" என்று அதிகாரி சொன்னபோது எங்கள் இருவருக்கும் பதில் இல்லை. கடைசியில் அம்மா எங்களோடு வந்து தங்குவது என்று முடிவானது. என்னைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஏசிய அதே அம்மா.

அதற்காக அதிகாரி அம்மாவைப் பார்க்க மறுபடி வந்தார், இந்த முறை தமிழ் பேசும் ஒரு சக அதிகாரியோடு. "உங்கள் மகன் குடித்துவிட்டு வந்து கிரில்லைத் தட்டினால் திறப்பீர்களா?" என்று கேட்டார். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எம் மவனாச்சே, எப்படித் தொறக்காம இருக்கிறது" என்றார். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். கோபப்படவில்லை. "அவன் வந்தால் பூட்டைத் திறக்காமல் முதலில் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும், அவனுக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்றால் கம்பி வழியாகக் கொடுங்கள், பிள்ளைகளை அவன் பார்ப்பது அலுவலகத்தில் எங்கள் முன்னால்" என்று பொறுமையாகப் பேசி, அம்மா வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். அம்மா மழுப்பியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பெரியவளிடம் தனியாகப் பேசினார்கள். என்னைச் சமையலறைக்குக்கூட விடவில்லை, வெளியே நடைபாதையில் நின்றேன். அவளுக்கு மலாய் வரும், ஆனால் அழுகை வந்தால் தமிழ்தான் வரும். அதற்காகத்தான் தமிழ் அதிகாரி. பக்கத்து வீட்டு அக்கா மொழிபெயர்க்கிறேன் என்று வந்தார், மறுத்துவிட்டார்கள். தெரிந்தவர் முன்னால் பிள்ளை அப்பாவைப் பற்றிப் பேசாது. என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். வந்த இரண்டு பேரையும் அவள் 'டீச்சர்' என்றே கூப்பிட்டாள்.

இத்தனையும் ஓர் அறிக்கைக்காக. ஆபீஸில் 'லாப்போரான்' என்பார்கள். குடும்பப் பின்னணி, பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் என்று எல்லாம் அதில் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேஜிஸ்திரேட் முடிவெடுக்கிறார். பெற்றோரிடமே விட்டு, ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். தகுந்த ஓர் ஆளிடம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைக்கலாம். அதிகாரியின் கண்காணிப்பில் வைக்கலாம். பாதுகாப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் நாலைந்து பிரதி ஃபோட்டோஸ்டேட் எடுத்து ஒரே ஃபைலில் போட்டு வைத்தேன். இடையில் எங்கள் அதிகாரிக்கு இடமாற்றம் வந்து வேறொருவர் பொறுப்பேற்றபோது அந்த ஃபைல்தான் கைகொடுத்தது. எந்தத் தேதியில் யாரோடு என்ன பேசினேன் என்று ஒரு நோட்டிலும் எழுதி வந்தேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு எங்கள் வழக்கு ஒன்று மட்டும் இல்லை. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொரு பிள்ளைக்காக ஃபோன் வரும், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு உட்காராமல், நோட்டைப் பார்த்து நானே ஃபோன் செய்வேன்.

ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் எங்கள் முறை வந்தபோது சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்துவிட்டார்கள். உள்ளே விடவில்லை. சிறார் வழக்கில் பிள்ளை, பெற்றோர் அல்லது காப்பாளர், வழக்கறிஞர், சாட்சி என்று தொடர்புடையவர்கள் மட்டும்தான் இருக்கலாம். இதற்கு முன்பே என் பெரியம்மா மகள் ஒருத்தி நியாயம் கேட்கிறேன் என்று சின்னவனின் புண்ணைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள். அதிகாரி பார்த்ததும் உடனே எடுக்கச் சொன்னார். பிள்ளையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, இரண்டுமே கூட விதிக்கலாம். தண்டனை கிடக்கட்டும். அந்தப் பையன் நாளைக்குப் பெரியவனாகி வேலைக்குப் போகும்போது அந்தப் படம் அவன் முன்னால் வந்து நிற்கக் கூடாது. நான் இங்கே பெயர் எழுதாததும் அதனால்தான்.

நீதிமன்ற உத்தரவு என் பெயருக்கு வந்தது. அதன் நகல் இல்லாமல் எதுவும் நடக்காது. பள்ளியில் பாதுகாவலர் பெயர் மாற்ற, கிளினிக்கில் கையெழுத்துப் போட என்று எங்கே போனாலும் கேட்பார்கள். பணத்துக்கும் வெட்கப்படாமல் கேளுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நல இலாகா தரும் சிறார் உதவித் தொகை 2021இல் உயர்ந்தது. அப்போது ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி, ஏழிலிருந்து பதினெட்டு வரை 150 என்று ஆனது. தானாக வராது, மனுப் போட வேண்டும். பக்கத்து வீட்டில் பிள்ளை தவிக்கிறது என்று தெரிந்தால் 15999க்கு அழையுங்கள். அது தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

தம்பி இப்போது மருந்தும் ஆலோசனையுமாக இருக்கிறான். அலுவலகத்தில் பிள்ளைகளைப் பார்க்க வரும்போது சுத்தமாக வருகிறான். நீதிமன்றம் கொடுத்த காலம் முடிவதற்குள் அதிகாரி மறுபடி வீட்டுக்கு வருவார், மணிக்கணக்குத் தாளைப் புதிதாக எழுதுவார், பெரியவளிடம் தனியாகப் பேசுவார். அப்பாவிடம் போகிறேன் என்று சொல்வாளா, அத்தையிடம் இருக்கிறேன் என்பாளா என்று அம்மா தினமும் கேட்கப் பார்க்கிறார். பிள்ளையிடம் அதைக் கேட்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.